கடல் கடந்து வந்த ஆசிரியை: புளோரென்ஸ் ஃபார் அம்மையார்

நம் சைவக் கல்லூரிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவற்றை நிறுவிய வள்ளல்களை முதற்கண் போற்றுவர். அது முறையே. காணி ஈந்தவரையும் கட்டடம் எழுப்பியவரையும் மறத்தல் நன்றியன்று. ஆயினும், கட்டடம் எழுந்த பின்னர் அதனுட் புகுந்து, மணியடித்து, பிள்ளைகளை வரிசைப்படுத்தி, நாடோறும் பாடசாலையைப் பாடசாலையாக நடத்தியோர் பெயர் பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை. அங்ஙனம் ஏறாதொழிந்தோருள் ஒருவரை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

ஆண்கள் பயிலும் கல்லூரியின் மலரில் பெண்கள் பாடசாலைத் தலைவி ஒருவரின் சரிதம் எதற்கு என வினவுவாரும் உளராகலாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வதியும் நம் பழைய மாணவர் சிலருடைய அன்னையரும் பாட்டியரும் மருதனார்மடத்து இராமநாதன் கல்லூரியிற் கற்றவர்கள். வீட்டில் அவர்கள் ஏற்றிய விளக்கின் ஒளியிலேதான் நம்மவர் முதற்பாடம் படித்தனர். அவ்வுறவே போதுமென எண்ணுகின்றோம்.

புளோரென்ஸ் பீட்ரிஸ் ஃபார் 1860ஆம் ஆண்டு யூலை 7ஆம் நாள் இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்துப் பிக்லி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் வில்லியம் ஃபார் பெயர்பெற்ற மருத்துவர். பிறப்பு இறப்புக் கணக்குகளைக் கொண்டு நோய்களின் போக்கை ஆராய்ந்த முன்னோடி. போர்க்களத்துக் காயத்தினும் சுகாதாரக் கேடே படைவீரரை மிகுதியாகக் கொன்றது என்பதைப் புள்ளிகளால் நிறுவுவதில், புளோரென்ஸ் நைற்றிங்கேல் அம்மையாருக்குத் துணைநின்றவர் இவரே. அந்நட்பின் அடையாளமாகவே தம் கடைசி மகளுக்கு அப்பெயரைச் சூட்டினார். மகள் செல்ற்றனம் மகளிர் கல்லூரியிலும், பின்னர் இலண்டன் குயின்ஸ் கல்லூரியிலும் பயின்றார். படிப்பு முடிந்ததும் சில காலம் ஆசிரியத் தொழில் பார்த்தார். அது மனத்துக்கு ஒவ்வவில்லை. நாடக மேடை அவரை ஈர்த்தது. விட்டுச் சென்ற தொழில் முப்பது ஆண்டுகளின் பின் கடலுக்கு அப்பால் தம்மைக் காத்திருக்கும் என்பதை அன்று அவர் எண்ணியிரார்.

1884இல் எட்வேட் எமரி என்னும் நடிகரை மணந்தார். கணவர் நான்காண்டுகளில் அமெரிக்கா சென்றார், திரும்பவில்லை. 1895இல் மணமுறிவு நேர்ந்தது. சட்டத்தில் எமரி அம்மையாராகவும் மேடையில் ஃபார் அம்மையாராகவும் அவர் விளங்கினார்.

மேடை வாழ்வை விரித்துரைக்க இம்மலரில் இடம் போதாது. இப்சனின் றொஸ்மர்ஸ்ஹோம் நாடகம் 1891இல் முதன்முதல் ஆங்கில மேடையேறியபோது அதன் தலைவியாக நடித்தவர் அவர். பேர்னாட் ஷோவின் முதல் நாடகத்தில் 1892இல் முதன்மைப் பெண்பாத்திரத்தை ஏற்றவரும் அவரே. 1894இல் அவனியூ அரங்கைத் தாமே பொறுப்பேற்று, ஷோவின் நாடகத்தையும் யேற்ஸ் என்னும் ஐரிஷ் கவிஞரின் நாடகத்தையும் அரங்கேற்றினார். பின்னாளில் நோபெல் பரிசு பெற்ற இருவருக்கும் அவர்தம் இளமையில் மேடை அமைத்துக் கொடுத்தவர் ஒரு பெண்மணி என்பதை ஆங்கில இலக்கியம் பயிலும் நம் மாணவர் அறிதல் தகும்.

ஒன்றை மாத்திரம் சற்று நின்று சொல்லவேண்டும். கவிதையை இசையாகப் பாடாமலும் வெறும் பேச்சாக உரையாமலும், இரண்டிற்கும் இடைப்பட்ட முறையில் ஓதவேண்டுமென்பது யேற்ஸின் அவா. அதற்கென ஆணல்ட் டொல்மெச் என்னும் கைவினைஞர் சால்ற்றரி என்ற நரம்புக் கருவியை அம்மையாருடைய குரலின் அளவுக்கேற்பச் செய்து கொடுத்தார். அதனை மீட்டிக்கொண்டு அம்மையார் கவிதை ஓதுவார். 1907இல் அமெரிக்காவுக்கும் சென்று ஓதினார். நம் தேவார ஓதுவார்களுக்கு இது புதுமையன்று. யாழ் வாசித்துப் பரிசாகப் பெற்ற நாடென்று கதை வழங்கும் யாழ்ப்பாணத்துக்கு, நரம்புக் கருவியுடன் கவி ஓதிய ஒருவர் பின்னாளில் வந்து சேர்ந்தது நல்ல பொருத்தமே.

மறைஞானத் தேட்டமும் அவருக்கு இருந்தது. பொன் வைகறை எனப் பொருள்படும் பெயருடைய மறைக்கழகம் ஒன்றில் தலைமைப் பதவி வகித்து, உட்பூசல்களால் 1902இல் விலகினார். பின்னர்ப் பிரமஞான சபையிற் சேர்ந்தார். இக்காலத்தை ஒட்டியே பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் அறிமுகம் இலண்டனில் அவருக்கு வாய்த்தது.

இராமநாதன் இலங்கையின் சொலிசிற்றர் ஜெனரலாக விளங்கியவர். சைவ சித்தாந்தத்தில் ஊறியவர். மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்குக் கீழைத்தேய ஞானநோக்கில் உரை கண்டவர். கொட்டாஞ்சேனைக்கு அணித்தாய கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைக் கருங்கற்றளியாக எழுப்பியவரும் அவரே. யாழ்ப்பாணத்தில் பெண்கல்வி அக்காலத்தில் பெரிதும் மிசனரிமார் கையில் இருந்தது. உடுவிலில் அமெரிக்க மிசன் 1824லேயே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை நிறுவிவிட்டது. சைவப் பெண்பிள்ளை ஆங்கிலக் கல்வி பெற விரும்பின் சமயத்தை விலையாகக் கொடுக்க நேரிடுமோ என்னும் அச்சம் பெற்றோருக்கு இருந்தது. அவ்வச்சத்தை நீக்கவே இராமநாதன் கல்லூரி 1913இல் மருதனார்மடத்திலே திறக்கப்பெற்றது.

இங்கே ஒரு முரண் உண்டு, அதை மறைத்தலாகாது. சைவப் பெண்களைச் சைவராகவே வளர்க்க எழுந்த பாடசாலைக்குத் தலைவியாக ஓர் ஆங்கில மாது! அக்காலத்தில் முகஞ் சுளித்தவர் இருந்திருப்பின் அவர்மேற் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. ஆனால், ஆங்கிலக் கல்வி பெற்றுக் கல்லூரியை நடத்தத்தக்க சைவ மாதர் அந்நாளில் எத்தனை பேர்? மதமாற்றும் நோக்கமின்றி வரும் ஒருவர் வேண்டும், நிருவாகமும் தெரிந்திருக்கவேண்டும். அரங்கம் நடத்தி, நடிகரைக் கட்டி மேய்த்து, கணக்கும் பார்த்த ஒருவரை இராமநாதன் தெரிந்தெடுத்தது நுட்பமான தெரிவென்றே யாம் கருதுகின்றோம்.

1912இல் அம்மையார் தம் உடைமைகளை விற்றார். ஷோவும் யேற்ஸும் தமக்கு எழுதிய கடிதங்களைப் பெட்டியொன்றிற் பூட்டி, கிளிவ்வட் பாக்ஸ் என்ற நண்பரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார். வயது 52. அக்கடிதங்கள் 1941இல் நூலாக வெளிவந்தன. அவர் பெயர் மேனாட்டில் இன்றும் நிலைப்பதற்கு அவையும் ஒரு காரணம்.

அவர் ஏன் வந்தார்? இவ்வினாவுக்கு மேனாட்டார் பலர் கேட்டறிந்த விடை யேற்ஸ் தந்தது. 1920இல், சகல ஆன்மாக்களின் இரவைப் பற்றி எழுதிய பாடலில், மறைந்த நண்பர்களோடு அம்மையாரையும் அவர் அழைக்கின்றார். முதுமை தம் அழகைக் குலைப்பதைப் பிறர் காணாவண்ணம் தூரதேசத்துப் பாடசாலையொன்றில் அவர் மறைந்துகொண்டார் என்பது அப்பாடலின் கருத்து. கவிதை உயர்ந்தது, அன்பும் உடையது. கருத்தை ஏற்க எம்மால் இயலவில்லை. அதே பாடல், ஆன்மாவின் பயணம் பற்றிக் கற்றறிந்த இந்தியர் ஒருவரிடம் அம்மையார் கேட்டறிந்ததையும் குறிக்கின்றது. அக்கற்றறிந்தவர் இராமநாதனே என்பர். மேலும், 1910இல் அம்மையார் பெண்களின் நிலைபற்றியும் அவர்தம் சுதந்திரம் பற்றியும் தனிநூலே எழுதி வெளியிட்டிருந்தார். பெண்கல்வியை எண்ணிப் பார்த்தவருக்குப் பெண்கள் கல்லூரி ஒன்றின் தலைமை ஒளிப்பிடமாகத் தோன்றியிராது. ஒளிந்துகொள்ள விரும்புவோர் எத்தனையோ நூறு கண்கள் தம்மையே பார்க்கும் வகுப்பறை வாயிலில் வந்து நிற்பரா? ஆசிரியத் தொழில் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்லார்.

கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரையான புகையிரதப் பாதை 1905இல் முற்றுப்பெற்றிருந்தது. ஆகவே வடக்கே செல்லுதல் முன்போலக் கடினமன்று. சேர்ந்தபின் பழகுதலே கடினம். பனையும் செம்மண்ணும் கிணற்று நீரும், மழையற்ற மாதங்களின் வெயிலும், புரியாத மொழியும் இலண்டன் அரங்க வாழ்வுக்கு எத்துணை அயல்! ஆயினும் அம்மையார் தமிழரின் வழக்கங்களை மாற்ற முனையாது மதித்தொழுகினார்; அவர் நிருவாகத்திற் கல்லூரி செழித்தது என அவர் சரிதம் கூறுகின்றது. திருநீறணிந்து வரும் பிள்ளைக்கு ஆங்கிலம் கற்பிக்கத் திருநீற்றை அழிக்கவேண்டியதில்லை. இன்று எளிதாகத் தோன்றும் இவ்வுண்மை அன்று யாழ்ப்பாணத்தில் வாதத்துக்குரியது. பிறநாட்டு மாதொருவர் அதனை வாதத்தால் அன்றி நடத்தையால் மெய்ப்பித்தார். தமிழ்ப் பாடல்களிலும் ஈடுபட்டு, சிலவற்றை ஆங்கிலமாக்கி யேற்ஸுக்கு அனுப்பினார். கவிதையைக் காதால் அறிந்தவர், நம் பாட்டின் ஓசையையும் காதாலேயே அணுகியிருப்பார்.

1914இல் உலகப்போர் மூண்டது. 1915இல் இலங்கையிற் கலகமும் இராணுவச் சட்டமும் வந்தன. சிறைப்பட்ட சிங்கள மக்களுக்காக வாதாட இராமநாதன் போர்க்காலக் கடலைத் தாண்டி இலண்டன் சென்றார். நாடு அச்செயலைப் பாடிற்று. அந்நாட்களில் மருதனார்மடத்தில் மணி தவறாது அடித்தவர்களைப் பாடுவார் இலர்.

1916இல் அம்மையாரின் மார்பில் ஒரு கட்டி கண்டது. புற்றுநோய் என்றனர் மருத்துவர். மார்பை அகற்றும் சத்திரசிகிச்சை செய்தனர். தம் தழும்போடு கூடிய உருவத்தை வேடிக்கையாக வரைந்து யேற்ஸுக்குக் கடைசிக் கடிதத்தில் அனுப்பினார். அழகு குன்றியதற்கு அஞ்சி ஓடியவர் செய்யக்கூடிய காரியமா இது? அக்கடிதத்தைப் பெற்ற கவிஞரே நான்காண்டுகளின் பின் அப்பாடலை இயற்றினார் என்பது எமக்கு விளங்காத புதிர்.

நோய் பரவிவிட்டது. 1917ஆம் ஆண்டு ஏப்பிரில் 29ஆம் நாள், கொழும்பு மருத்துவமனையொன்றில், தமது 56ஆம் வயதில் அம்மையார் காலமானார். பிறந்த நாட்டுக்குத் திரும்பும் முயற்சி இல்லை. உடலைப் புதைக்காது தகனஞ் செய்யவேண்டுமென்பது அவர் விருப்பம்; அவ்வாறே செய்தனர். சாம்பரை இராமநாதன் தம் கையாலேயே களனி கங்கையிற் கரைத்தார். ஆறு அதனை முகத்துவாரம் வழியே கடலுக்குக் கொண்டு சென்றது.