நா. கோவிந்தசாமி

தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவர் நா. கோவிந்தசாமி. 1946ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்த இவர், ஆசிரியராகவும் சிறுகதை எழுத்தாளராகவும் விளங்கினார். கணினியில் தமிழ் எழுதக் கணியன் என்னும் மென்பொருளை ஆக்கினார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையம் ஏறியபோது, தமிழும் உடன் ஏறியது இவர்தம் உழைப்பினாலேயாம்.

எனினும், அந்நாளில் எழுத்துருதோறும் குறியீட்டு முறை வேறுபட்டமையால், ஒருவர் எழுதியதைப் பிறர் படிக்க இயலாது இடர்ப்பட்டனர். அறிஞர் ஒன்றுகூடினாலன்றி இக்குறை நீங்காதென உணர்ந்த கோவிந்தசாமி, 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த மாநாட்டின் பயனாகப் பொது விசைப்பலகை பிறந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அவர் மறைந்தார்.

இன்று கோடம்பாக்கத்து இளைஞர் தமிழில் செயலி படைப்பதற்கு அவ்வுழைப்பும் துணையாகும். மாணவர்களே! கருவி செய்தலும் மொழித்தொண்டே.