உயிர்கள் மீது மனிதனுக்குள்ள அதிகாரம்: அல்பேர்ட் சுவைட்சர் காட்டிய எல்லை

கடலிலும் வானிலும் நிலத்திலும் வாழும் உயிரினங்களை ஆளும் அதிகாரத்தை இறைவன் மனிதனுக்கு வழங்கினார் என்பது விவிலியத்தின் ஆதியாகமம் கூறும் செய்தியாகும். இந்த அதிகாரம் எதுவரை செல்லும் என்ற கேள்வி கிறிஸ்தவ உலகில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. அதற்குத் தமது வாழ்க்கையையே விடையாக்க முயன்றவர் அல்பேர்ட் சுவைட்சர்.

அன்று ஜேர்மனியின் ஆட்சிக்குட்பட்டிருந்த அல்சேஸ் பிரதேசத்தில், 1875 ஜனவரி 14 ஆம் திகதி லூத்தரன் போதகர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். சிறுவயதில் தாயாருடன் இரவுப் பிரார்த்தனையை முடித்த பின்னர், மனிதருக்காக மட்டும் ஏன் வேண்ட வேண்டும் என எண்ணி, சகல உயிர்களுக்காகவும் இரகசியமாக மன்றாடி வந்தார். ஏழெட்டு வயதில் நண்பன் ஒருவனுடன் இறப்பர் கவண் ஏந்திப் பறவைகளை அடிக்கச் சென்றார். நண்பனின் கேலிக்கு அஞ்சிக் குறிபார்த்த வேளையில் தேவாலய மணி ஒலித்தது. உடனே கவணை எறிந்துவிட்டுப் பறவைகளை விரட்டிக் காப்பாற்றினார். கொலை செய்யலாகாது என்ற கட்டளை அன்றே தம் உள்ளத்தில் ஆழப் பதிந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார்.

இறையியல் அறிஞராகவும் ஓர்கன் இசைக்கலைஞராகவும் புகழ்பெற்ற அவர், 30 ஆவது வயதில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். 1913 இல் மனைவியுடன் ஆபிரிக்காவின் இன்றைய கபொன் நாட்டிலுள்ள லம்பரேனேயை அடைந்தார். அங்கு பழைய கோழிக்கூடொன்றையே வைத்தியசாலையாக்கி நோயாளருக்குச் சிகிச்சையளித்தார். முதலாம் உலகப் போர் நடைபெற்றுக் கொண்டிருந்த 1915 செப்டெம்பரில், ஓகோவே ஆற்றில் அந்திப்பொழுதில் நீர்யானைக் கூட்டமொன்றைப் படகு கடந்து சென்றபோது, நெடுநாள் தேடிய கருத்து அவருக்குப் புலப்பட்டது. உயிரின் மீதான பயபக்தி என்பதே அக்கருத்தாகும். அன்பு பற்றிய இயேசுவின் போதனையை எல்லா உயிர்களுக்கும் விரித்தால் கிடைப்பது இந்த அறமே என அவர் கருதினார்.

ஆயினும் நடைமுறை அறியாத கனவுலகவாசியாக அவர் இருக்கவில்லை. வைத்தியர் என்ற வகையில் நோய்க் கிருமிகளை அழித்தார். பிடிபட்ட மீன்பருந்துக் குஞ்சொன்றை அவர் மீட்டெடுத்தபோது, அதன் இரைக்காக நாள்தோறும் மீன்களைக் கொல்ல வேண்டியிருந்தது. ஒன்றைக் காக்க மற்றொன்றைப் பலியிடும் அந்த முடிவின் பொறுப்பை அவர் தட்டிக்கழிக்கவில்லை. கால்நடைத் தீவனத்துக்காக வயலெங்கும் பூக்களை அறுக்கும் விவசாயிக்குக் கூட, வழியோரப் பூ ஒன்றைத் தேவையின்றி அழிக்க உரிமையில்லை என்பது அவரது வாதம். விலங்குகளில் பரிசோதனை செய்வோர் அதன் அவசியத்தை ஒவ்வொரு முறையும் ஆராய வேண்டும் என்றும், அதனால் நன்மை பெறும் மனிதகுலம் விலங்குகளுக்குக் கடன்பட்டுள்ளது என்றும் அவர் வலியுறுத்தினார்.

அவரிடம் குறைகளும் இருந்தன. ஆபிரிக்கரைச் சகோதரர்களாக ஏற்ற அவர், தம்மை மூத்த சகோதரனின் இடத்திலேயே வைத்துக்கொண்டார். குடியேற்றவாத காலத்தின் அந்த மனப்பாங்கு பின்னர் கடும் விமர்சனத்துக்குள்ளானது. விலங்குகள் மீதான அதிகாரத்துக்கு எல்லை வகுத்தவர், சக மனிதர் மீதான அதிகாரத்தின் எல்லையை முழுமையாக உணரவில்லை என்பதை மறைப்பதற்கில்லை.

1952 ஆம் ஆண்டுக்கான நோபல் சமாதானப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்பணத்தைத் தொழுநோயாளருக்கான குடியிருப்புக்கு அவர் செலவிட்டார். 1957 இல் ஒஸ்லோ வானொலி வாயிலாக அணுவாயுதப் பரிசோதனைகளுக்கு எதிராகக் குரல் கொடுத்தார். 1965 செப்டெம்பர் 4 ஆம் திகதி லம்பரேனேயிலேயே அவரது உயிர் பிரிந்தது.

அதிகாரத்தை இறைவன் ஒப்படைத்த அமானிதமாகக் கொள்ளும் முஸ்லிம்களுக்கோ, கொல்லாமையைப் போற்றும் சைவர்களுக்கோ அவரது சிந்தனை அந்நியமானதல்ல. ஓர் உயிருக்குத் தீங்கிழைக்க நேரும் ஒவ்வொரு வேளையிலும், அது உண்மையிலேயே தவிர்க்க முடியாததா எனத் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் கடமை மனிதனுக்கு உண்டு. அக்கேள்வியைக் கேட்க மறுக்கும் இடத்தில் ஆளுகை முடிவடைந்து கொடுமை ஆரம்பமாகின்றது.