ரோலந்து ஹில்

தொலைவில் வாழும் உறவினரிடமிருந்து கடிதம் வந்ததென்றால் உள்ளம் பூரியாதார் இலர். ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து நாட்டிலே, அஞ்சற்காரர் கதவைத் தட்டும் ஓசை கேட்டு நெஞ்சு துணுக்குற்ற ஏழை இல்லங்கள் மிகப் பல. அக்காலத்தில் கடிதத்திற்குரிய கட்டணத்தை எழுதியவர் செலுத்துவது அருமை, பெறுபவரே செலுத்துவர். கையில் காசு இல்லையாயின் கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். மகன் எழுதிய மடலைக் கண்ணாற் கண்டும் கையால் வாங்க இயலாமல் தாய் கலங்கி நிற்கும் காட்சி அந்நாட்டிற்குப் புதிதன்று. இந்நிலையை அடியோடு மாற்றியவர் ரோலந்து ஹில் என்னும் பள்ளியாசிரியர் ஆவார்.

இவர் 1795ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3ஆம் நாள், கிடர்மின்ஸ்டர் என்னும் ஊரில், தாமஸ் ரைட் ஹில் என்பவருக்கு மூன்றாம் மகனாகப் பிறந்தார். தந்தையார் புதுமை நாட்டமும் பரந்த உள்ளமும் உடையவர். பொருளீட்டும் திறம் மட்டும் அவர்பால் குறைவு. எனவே, குடும்பச் சுமை பெரிதும் தாயார் சாராவின் தோள்மேல் விழுந்தது. வீட்டில் காசில்லாத வேளை பார்த்து அஞ்சற்காரர் கடிதம் கொண்டு வந்துவிடுவாரோ என்று அவ்வம்மையார் அஞ்சியிருந்ததுண்டு. ஒருமுறை கந்தல் துணிகளை மூட்டையாகக் கட்டிச் சிறுவர் ரோலந்தின் கையிற் கொடுத்து, அதனை விற்றுவரச் செய்து, அஞ்சற் கட்டணத்திற்குக் காசு தேடினார். அந்நாளின் நினைவு ரோலந்தின் நெஞ்சை விட்டு என்றும் அகலவில்லை.

தந்தையார் பர்மிங்காம் நகரில் ஒரு பள்ளி தொடங்கினார். தாமே மாணவராக இருந்த இளமைப் பருவத்திலேயே ரோலந்து அங்குப் பிற சிறுவர்க்குக் கற்பிக்கலானார். 1819ஆம் ஆண்டில் அப்பள்ளி ஹேசல்வுட் என்னும் புதிய கட்டடத்திற்கு மாறியது. அக்கட்டடத்தை வகுத்தமைத்தவரும் ரோலந்தே. பிரம்பின்றிப் பள்ளி நடவாது என்று பெரியோர் யாவரும் நம்பியிருந்த காலம் அது. அவரோ பிரம்பை அறவே நீக்கினார். பள்ளியின் விதிகளை மாணவர்களே கூடி வகுத்தனர்; பிழை செய்தாரை மாணவர்களே அமைத்த முறைமன்றம் விசாரித்தது. இம்முறையை விளக்கி அவரும் அவர்தம் தமையனாரும் 1822இல் வெளியிட்ட நூல், பெந்தம் முதலிய அறிஞர்தம் பாராட்டைப் பெற்றது. பழமையானது என்னும் ஒரு காரணம் பற்றியே ஒரு முறையைப் போற்றுதல் கூடாது என்னும் துணிவு அவருக்கு இப்பள்ளியில் வாய்த்ததாகும். பின்னர் ஆசிரியத் தொழிலை விடுத்து, அச்சுப்பொறி ஒன்றினைப் புனைந்தார்; தென் ஆஸ்திரேலியக் குடியேற்ற ஆணையத்தின் செயலாளராகவும் 1835 முதல் பணிபுரிந்தார்.

இனி, அந்நாளைய அஞ்சல் முறையின் இயல்பைக் காண்போம். கடிதத்தின் கட்டணம் தொலைவிற்கு ஏற்ப உயரும். தாளின் எண்ணிக்கைக்கு ஏற்பவும் பெருகும். லண்டனிலிருந்து எடின்பரோவிற்குச் செல்லும் ஒற்றைத் தாள் கடிதத்திற்கு 1 ஷில்லிங்கு 1½ பென்சு. தாள் இரண்டாயின் கட்டணமும் இரட்டிக்கும். உறையினுள் தாள் எத்தனை என்றறிய, அலுவலர் ஒவ்வொரு கடிதத்தையும் விளக்கொளியிற் பிடித்து உற்று நோக்குவர். ஒரு வாரம் முழுதும் வயலில் உழைத்தும் பத்து ஷில்லிங்கு காண்பது அரிதாயிருந்த உழவுத்தொழிலாளி, ஒரு கடிதத்திற்கு ஒரு ஷில்லிங்குக்கு எங்குப் போவான்? இஃது இங்ஙனமாக, பாராளுமன்ற உறுப்பினரும் உயர் அதிகாரிகளும் தம் கையொப்பமிட்ட கடிதங்களைக் கட்டணமின்றியே அனுப்பும் உரிமை பெற்றிருந்தனர். உள்ளவர்க்கு இலவசம், இல்லாதவர்க்குப் பெருங்கட்டணம் என்பதே அதன் பொருளாயிற்று.

முறை கோணலாயின் மக்கள் ஒழுக்கமும் கோணுதல் இயல்பு. வணிகர் தம் கடிதங்களை வண்டிக்காரரிடம் மறைவாகக் கொடுத்தனுப்பினர். கட்டணமின்றிச் சென்ற செய்தித்தாள்களில் எழுத்துகளின்கீழ்ப் புள்ளியிட்டுச் செய்தி உணர்த்தினர் சிலர். கவிஞர் கோலரிட்ஜ் வடநாட்டு ஏரிப் பகுதியில் நடந்து செல்லுங்கால், ஒரு பெண் தனக்கு வந்த கடிதத்தை நெடுநேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, காசில்லை என்று திருப்பித் தரக் கண்டார். இரக்கமுற்று அவரே ஒரு ஷில்லிங்கு கொடுத்து அதனைப் பெற்றுத் தந்தார். அஞ்சற்காரர் அகன்றபின் அப்பெண் கடிதத்தைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே ஓர் எழுத்தும் இல்லை. தமையன் நலமாயிருக்கும்வரை மூன்று திங்களுக்கு ஒருமுறை வெற்றுத்தாள் அனுப்புவது என்றும், தான் அதனை வாங்காமலே அவன் நலத்தை அறிந்துகொள்வது என்றும் அவ்விருவரும் உடன்பாடு செய்திருந்தனர். இந்நிகழ்ச்சியை ரோலந்து ஹில்லே கண்டதாகப் பலரும் சொல்லி வருகின்றனர்; அது பிழை. அவர் இதனைக் கோலரிட்ஜின் அனுபவமாகவே தம் நூலிற் குறித்துள்ளார். அண்ணன் நலத்தை அறியத் தங்கை பொய்யுரைக்க நேர்ந்ததற்குக் குற்றவாளி அத்தங்கையோ, சட்டமோ என்பதே அவர் எண்ணிப் பார்த்தது.

ஹில் அஞ்சல் நிலையத்தில் ஒரு நாளேனும் பணிபுரிந்தவர் அல்லர். உள்ளே நடைபெறும் வேலைகளைப் பார்வையிட விரும்பிக் கேட்டபோதும், இசைவு கிட்டவில்லை. ஆனால், அஞ்சல் துறையின் குறைகளைப் பாராளுமன்றத்தில் விடாது எடுத்துரைத்து வந்த ராபர்ட் வாலஸ் என்னும் உறுப்பினர், அரசாங்க அறிக்கைகளை வண்டியில் ஏற்றி அவருக்கு அனுப்பினார். ஹில் அவற்றை வரிவரியாகக் கற்றார். 1815 முதல் 1835 வரை இருபது ஆண்டுகளில் மக்கள்தொகை பெருகியிருந்தும், அஞ்சல் வருவாய் சிறிதும் உயராததோடு சற்றுக் குறைந்தும் இருந்தது. அதே காலத்தில் பயண வண்டிகளின் மீதான வரியோ இரு மடங்கிற்கு மேலாகியிருந்தது. மக்கள் பயணம் செய்கின்றனர், வாணிகம் செய்கின்றனர், கடிதம் மட்டும் எழுதவில்லை என்றால், தடை கட்டணத்தில்தான் இருத்தல் வேண்டும் என்று அவர் தெளிந்தார்.

அடுத்து அவர் கண்ட உண்மை அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. லண்டனிலிருந்து எடின்பரோவிற்கு ஒரு கடிதத்தை ஏற்றிச் செல்லும் செலவைக் கணக்கிட்டால், அது ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்குதான். அஞ்சல் துறையின் பெருஞ்செலவு தொலைவால் விளைவதன்று. கடிதத்தைப் பெறுதல், கட்டணம் குறித்தல், கணக்கெழுதுதல், வீடுதோறும் நின்று காசு வாங்குதல் ஆகியவற்றால் விளைவது. ஆகவே தொலைவு பற்றிக் கட்டணம் வேறுபடுதல் முறையன்று. நாடெங்கும் ஒரே கட்டணம் வேண்டும். அரை அவுன்சு எடைக்கு ஒரு பென்னியே போதும். அதனையும் அனுப்புவோரே முன்கூட்டிச் செலுத்துதல் வேண்டும். இக்கருத்துகளை 1837ஆம் ஆண்டில் அஞ்சற் சீர்திருத்தம் பற்றிய சிறு நூலாக எழுதி வெளியிட்டார். இம்மூன்றும் தனித்தனித் திருத்தங்கள் அல்ல. ஒன்றையொன்று தாங்கி நிற்பன. முன்பணம் இல்லையாயின் கணக்கு வேலை குறையாது. கணக்கு வேலை குறையாவிடின் ஒரு பென்னி கட்டுப்படியாகாது. கிழிந்த சீலைக்கு ஒட்டுப் போடுவதால் பயனில்லை, புதிதாகவே நெய்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

எதிர்ப்பு எழாதிருக்குமா? அஞ்சல் துறைத் தலைவராயிருந்த லிச்பீல்டு பிரபு, தாம் கேட்ட கனவுத் திட்டங்களுள் இதுவே மிகையானது என்று பிரபுக்கள் சபையில் கூறினார். கடிதங்கள் பெருகினால் அஞ்சல் நிலையத்தின் சுவர்களே வெடித்துவிடும் என்ற அச்சமும் தெரிவிக்கப்பட்டது. கடிதங்களின் அளவிற்கு ஏற்பக் கட்டடம் அமைத்தல் வேண்டுமா, கட்டடத்தின் அளவிற்கு ஏற்ப மக்கள் கடிதம் எழுதுதல் வேண்டுமா என்று ஹில் திருப்பிக் கேட்டார். அதற்கு மறுமொழி கூறுவார் இல்லை. வாலஸின் தலைமையில் அமைந்த பாராளுமன்றக் குழு அறுபதுக்கு மேற்பட்ட நாள் கூடிச் சான்றுகளைக் கேட்டது; முடிவில் ஒரே கட்டணம் என்பதை ஏற்றும், ஒரு பென்னிக்குத் துணியாமல் இரண்டு பென்சு என்று பரிந்துரைத்தது. பொதுமக்களோ அரைகுறைத் திருத்தத்தை ஏற்கவில்லை. வணிகரும், தொழிலாளரும், நகரவையினரும் 1839இல் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட விண்ணப்பங்களைப் பாராளுமன்றத்தில் குவித்தனர். அவற்றிற் கையொப்பமிட்டோர் இரண்டரை இலட்சத்தினும் மிகுதி. மெல்போர்ன் பிரபுவின் அமைச்சரவை இசைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் சட்டம் நிறைவேறியது. 1840ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் ஒரு பென்னி அஞ்சல் நடைமுறைக்கு வந்தது. பாராளுமன்ற உறுப்பினரின் இலவச உரிமையும் அன்றே ஒழிந்தது; விக்டோரியா அரசியாரும் தமக்கிருந்த உரிமையை விட்டுக்கொடுத்தார்.

முன்பணம் செலுத்தியதற்கு அடையாளமாக, பின்புறம் பசை தடவிய சிறு தாளை ஒட்டலாம் என்பது ஹில் கூறிய வழி. அரசியாரின் தலையுருவம் பொறித்த கருநிற அஞ்சல் தலை 1840 மே 6ஆம் நாள் வழக்கத்திற்கு வந்தது. உலகின் முதல் அஞ்சல் தலை அதுவே. அதனுடன், மல்ரெடி என்னும் ஓவியர் வரைந்த படம் அச்சிட்ட உறைகளும் வெளியாயின. மக்கள் இவ்வுறைகளையே பெரிதும் விரும்புவர் என்று ஹில் எதிர்பார்த்தார். ஆனால், நாடே அப்படத்தை எள்ளி நகையாடியது. உறைகள் விரைவில் கைவிடப்பட்டன. சிறு தாள் நிலைத்துவிட்டது.

1839இல் ஏழரைக் கோடியளவில் இருந்த கடிதங்கள் 1840இல் பதினாறு கோடியே தொண்ணூறு இலட்சமாயின. ஆயின், கட்டணம் குறைந்த அளவிற்குக் கடிதங்கள் பெருகவில்லை. ஏறத்தாழ 16 இலட்சம் பவுனாயிருந்த நிகர வருவாய் 5 இலட்சமாகச் சரிந்தது. ஹில் இவ்வளவு வீழ்ச்சியை எதிர்பார்த்தவர் அல்லர். அவர் கணக்கு இவ்விடத்தில் பிழைபட்டது உண்மையே. எதிரிகள் இதனைப் பிடித்துக்கொண்டனர். ஆட்சி மாறி, பீல் தலைமையமைச்சரானபின், 1842இல் ஹில்லின் பதவி பறிக்கப்பட்டது. தாம் நட்ட செடிக்குத் தாமே நீருற்ற இயலாத நிலை அவருக்கு உண்டாயிற்று. சில ஆண்டுகள் லண்டன்-பிரைட்டன் இருப்புப்பாதைக் குழுவில் பணியாற்றினார். நாட்டு மக்கள் அவரை மறந்தாரல்லர். 1846இல் சுமார் 13,000 பவுன் திரட்டி அவருக்கு அளித்தனர். அவ்வாண்டிலேயே புதிய அமைச்சரவை அவரை மீண்டும் அஞ்சல் துறைக்கு அழைத்தது. 1854இல் அத்துறையின் செயலாளரானார்.

அலுவலகத்தில் ஹில் இனியராக நடந்துகொண்டார் என்று கூறுவதற்கில்லை. தம் கருத்தே சரி என்னும் பிடிவாதமும், பிறர்க்குப் புகழ் பகிர்ந்தளிக்க மனமின்மையும் அவரிடம் இருந்தன. அஞ்சல் துறையில் அவர்கீழ்ப் பணிபுரிந்த நாவலாசிரியர் டிராலப் அவருடன் ஓயாது முரண்பட்டார். எனினும், வேலை நடந்தது. 1863இல் கடிதங்களின் எண்ணிக்கை அறுபத்து நான்கு கோடியை எட்டியது. இழந்த வருவாயும் படிப்படியாக மீண்டது. 1864இல் உடல்நலம் குன்றி ஓய்வு பெற்றபோது, பாராளுமன்றம் அவருக்கு 20,000 பவுன் பரிசளித்தது.

அவர் வகுத்த முறை கடல்கடந்தும் பரவியது. பிரேசில் நாடு 1843இலேயே அஞ்சல் தலைகளை வெளியிட்டது. நம் நாட்டில் கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடைக் கடிதம் அனுப்ப ஒரு ரூபாய் ஆன காலம் ஒன்று உண்டு. 1854ஆம் ஆண்டு அக்டோபர் முதல், கால் தோலாக் கடிதத்திற்குத் தொலைவு கருதாமல் அரை அணா என்று ஆயிற்று. குமரிமுனையில் எழுதிய கடிதமும் பெஷாவரில் எழுதிய கடிதமும் அன்று முதல் ஒரே விலை பெற்றன.

ஹில் 1879 ஆகஸ்டு 27ஆம் நாள் ஹாம்ஸ்டெடில் தம் இல்லத்தில் உயிர்நீத்தார். அவருடல் வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. உலக நாடுகள் யாவும் தம் பெயரை அஞ்சல் தலையில் அச்சிடுகின்றன. முதன்முதல் அதனை வெளியிட்ட நாடு என்பதனால், பிரிட்டன் மட்டும் இன்றும் தன் பெயரை அதில் பொறிப்பதில்லை.