வேலூர் டாக்டரம்மா

மலருக்கு ஒரு பெரியவங்களைப் பத்தி எழுதித் தரணும்னு கூட்டமைப்புத் தலைவி அக்கா சொன்னதும், ஜான்சி ராணி, முத்துலட்சுமி ரெட்டின்னு ஆளாளுக்குப் பேர் குடுத்துட்டாங்க. எனக்கு ஐடா ஸ்கடர் அம்மா ஞாபகம்தான் வந்துச்சு. நம்ம அரியலூர், பெரம்பலூர் பக்கம் பெரிய வியாதின்னா வேலூருக்குப் போறவங்க எத்தனையோ பேர். அந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கினவங்க யாருன்னு கேட்டா பலருக்குத் தெரியாது.

ஐடா அமெரிக்கக் குடும்பத்துப் பெண். ஆனால் பிறந்தது நம்ம ராணிப்பேட்டையில், 1870 டிசம்பர் 9ஆம் தேதி. தாத்தாவும் அப்பாவும் இங்கே வந்து வைத்தியம் பார்த்த மிஷனரி டாக்டர்கள். தாது வருஷப் பஞ்சத்தைச் சின்ன வயசில் கண்ணால் பார்த்தவர். அமெரிக்காவில் படித்து வளர்ந்தபோது, இந்தப் பக்கமே வந்து தங்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தார். 1890ல் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் கூட இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதாக எண்ணம்.

அங்கே ஒரு ராத்திரி ஒரு பிராமணர் வந்து நின்றார். சின்ன வயசு மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது, வந்து பார்க்க வேண்டும் என்று ஐடாவைக் கூப்பிட்டார். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. டாக்டரான தன் அப்பாவை அனுப்புவதாகச் சொன்னார். அந்நிய ஆம்பளை தன் மனைவியைப் பார்ப்பதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை, போய்விட்டார். அதே ராத்திரி ஒரு முஸ்லிம் வந்தார். பிறகு இன்னொரு இந்து வந்தார். அதே வலி, அதே பதில். விடிஞ்சு விசாரிச்சா மூணு பொண்ணுங்களும் செத்துப் போயிருந்தாங்க.

இந்தக் கதையைச் சொல்றவங்க, அதனாலதான் அவங்க டாக்டர் ஆனாங்கன்னு முடிச்சிடுவாங்க. எனக்கு வேற ஒண்ணு பெருசாத் தெரியுது. தெரியாத வேலையில அவங்க கை வைக்கல. தெரிஞ்சவரை அனுப்பப் பார்த்தாங்க. அது நடக்காமப் போனப்போ, தானே கத்துக்கக் கிளம்பினாங்க.

1899ல் நியூயார்க் கார்னெல் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கி, 1900ல் வேலூர் வந்தார். வந்த சில மாதத்திலேயே அப்பா இறந்துபோனார். பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் இல்லை. ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். நர்ஸ் கிடையாது. சலோமி என்ற உள்ளூர்ப் பெண்ணைத்தான் உதவிக்குப் பழக்கினார். 1902ல் 40 படுக்கையுள்ள ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது.

ஆபரேஷனை டாக்டர் முடிச்சிட்டுப் போயிடலாம். ராத்திரி முழுக்க யார் பார்க்கிறது? ரத்தம் அதிகமாப் போகுதா, மூச்சு வாங்குதா, கூப்பிட்டா பதில் வருதா? இதை முதலில் கவனிக்கிறவள் நர்ஸ்தான். பத்து பேர் படுத்திருந்தால், கத்துகிறவரை விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் கிடக்கிறவரிடம் முதலில் போக வேண்டியும் வரும். அந்தக் கண் பழக்கத்தில்தான் வரும். 1909ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். குடும்பப் பொண்ணு செய்யிற வேலையா இதுன்னு முகம் சுளிச்ச காலம் அது. 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. 1946ல் நர்சிங் பட்டப்படிப்பும் வந்தது. நாட்டிலேயே முதலில் தொடங்கிய இடங்களில் அதுவும் ஒன்று.

ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்களைத் தேடி, வண்டியில் மருந்து எடுத்துக்கொண்டு குடியாத்தம் சாலையில் போய், மரத்தடியில் நிறுத்தி வைத்தியம் பார்த்தார். 1960 மே மாதம் கொடைக்கானலில் இறந்தபோது 89 வயசு. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை.

மரத்தடி வைத்தியத்தைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. நானும் பையைத் தூக்கிக்கிட்டுத்தானே அலையறேன்! 2021ல மக்களைத் தேடி மருத்துவம் வந்ததும், குழுவுல இருந்து என்னைத் தன்னார்வலரா எடுத்தாங்க. செந்துறைப் பக்கம் வீடு வீடாப் போய் பி.பி., சுகர் பார்த்து மாத்திரை குடுக்கிற வேலை.

ஒரு நாள் பன்னெண்டு வீடு பாக்கி. ஒரு வீட்டுல மாமியாருக்குப் பார்த்துட்டுக் கிளம்பிட்டேன். திண்ணையில எட்டு மாச மருமக தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. என் பட்டியல்ல அந்தப் பிள்ளை பேர் இல்ல. செருப்பைப் போட்டுட்டேன்கூட. முகம் ஊதியிருந்ததைப் பார்த்துத் திரும்ப உள்ளே போனேன். பி.பி. 170க்கு 110. மெஷின் தப்போன்னு கொஞ்சம் உக்கார வச்சு மறுபடி பார்த்தேன், குறையல. கண்ணு மங்கலாத் தெரியுதுன்னுச்சு.

மாமியார் தன்னோட பி.பி. மாத்திரையிலேயே ஒண்ணு குடுக்கலாம்னாங்க, பாவம், பாசத்துலதான். கர்ப்பிணிக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு எனக்குத் தெரியாது, நான் குடுக்க விடமாட்டேன்னு சொல்லிட்டேன். வயல்ல இருந்து வீட்டுக்காரர் வரட்டும்னாங்க. அதுக்கும் காத்திருக்கல. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, 108க்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் போன் போட்டேன். ரெண்டு தடவை பார்த்த அளவையும் நேரத்தையும் துண்டுச் சீட்டுல எழுதி, வண்டியில வந்தவர் கையில குடுத்தேன்.

அன்னிக்கு மீதி வீடுகளுக்குப் போகல. மறுநாள்தான் போனேன், நாலு பேர் திட்டினாங்க.

அந்தப் பிள்ளைக்கு அரியலூர்ல ஆபரேஷன் பண்ணித்தான் குழந்தை எடுத்தாங்க. எடை கம்மி, கொஞ்ச நாள் உள்ளேயே வச்சிருந்து குடுத்தாங்க. இப்போ அந்த வீட்டுக்குப் போனா, மாமியார் தன் கையை நீட்டுறதில்ல. முதல்ல மருமகளைக் கூப்பிட்டு உக்கார வைக்கிறாங்க.