இராமானுஜன் காணாத படி

பாபநாசத்தில் தொடர்வண்டி ஏறினால் சிறிது நேரத்தில் குடந்தை வந்துவிடும். அங்குச் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன் (1887–1920). அவர்தம் வறுமையும் புகழும் யாவரும் அறிந்தவை. நாம் இங்கு எழுத விழைவது அவர் தவறிய ஓரிடத்தைப் பற்றி.

பள்ளி நாளில் அவர் கைக்குக் கிட்டிய கார் என்பாரின் நூல், ஆயிரக்கணக்கான முடிவுகளைப் பெரும்பாலும் நிறுவலின்றியே அடுக்கித் தந்தது. அதுவே ஆசானாயிற்று. 1904இல் குடந்தை அரசுக் கல்லூரியில் சேர்ந்தும், கணிதம் தவிரப் பிறவற்றில் நாட்டமின்றி உதவித்தொகையை இழந்தார்.

1913இல், சென்னைத் துறைமுக அலுவலக எழுத்தராக இருந்தபோது, கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்குக் கடிதங்கள் எழுதினார். பகா எண்களை எண்ணித் தரும் சூத்திரம் ஒன்றும் அவற்றில் இருந்தது. பத்து இலட்சம் வரை உள்ள பகா எண்கள் 78,498. சூத்திரம் தருவது ஏறத்தாழ 78,527. வேறுபாடு இருபத்தொன்பதே! எவ்வளவு தொலைவு சென்றாலும் இவ்வேறுபாடு வரம்பு மீறாது என அவர் நம்பினார். அது பிழை.

சீட்டா சார்பு எங்கெங்குப் பூச்சியமாகிறது என்பதே இங்குத் திறவுகோல். கலப்பெண் தளத்தில் அதற்கு எண்ணிலாப் பூச்சியங்கள் உள. ஒவ்வொன்றும் அலைபோல் விடையை ஏற்றியும் இறக்கியும் விடும். அலைகள் ஒன்றுகூடுமிடத்தில் பிழை வரம்பு கடக்கும். கலப்பெண் சார்பியலை முறையாகக் கற்றிராத இராமானுஜனுக்கு அப்படியொரு படி இருப்பதே தெரியவில்லை. சரிபார்த்த எண்களோ அவர் பக்கமே பேசின. விடை பொருந்தியதும் படியைத் தாண்டிவிடும் மாணவர்களும், ஏன், ஆசிரியர்களாகிய நாமும், அவ்விடத்தில் நின்றவர்களே.

1914இல் இங்கிலாந்து சென்றார். ஓர் எண்ணை எத்தனை வழிகளில் கூட்டலாகப் பிரிக்கலாம் (4 எனில் 5 வழிகள்) என்னும் வினாவை, 1918இல் வெளிவந்த கட்டுரையில் ஹார்டியும் அவரும் அதே கலப்பெண் தளத்திற்குக் கொண்டு சென்றனர். ஓரலகு வட்டத்தின் உள்ளே, விளிம்பை ஒட்டிச் சுற்றிவந்து தொகையீடு காண்பது அம்முறை. ஏன் விளிம்பருகே? அங்குள்ள சில புள்ளிகளை நெருங்குகையில் சார்பு பேரளவாகப் பெருகும். விடையின் பெரும்பங்கு அங்கிருந்தே வரும். 200க்கு மக்மாகன் கையால் கணித்த விடை 39,72,99,90,29,388. சூத்திரத்தின் எட்டு உறுப்புகளே 0.004 அளவு விலகி அதனைத் தந்தன. இவ்வளவு துல்லியம் கிட்டும் என்ற உறுதி இராமானுஜனுடையது, கலப்பெண் வழி ஹார்டியுடையது என்றே நாம் கருதுகிறோம்.

1919இல் நோயுடன் தாயகம் திரும்பினார். மறு ஆண்டு சனவரியில் ஹார்டிக்கு எழுதிய இறுதிக் கடிதம், அதே வட்ட விளிம்பருகே விந்தையாக நடந்துகொள்ளும் புதிய சார்புகளைப் பற்றியது. ஏப்ரல் 26இல் மறைந்தார். அச்சார்புகளின் உள்ளமைப்பை 2002இல்தான் ஸ்வேகர்ஸ் என்னும் டச்சு ஆய்வாளர் விளக்கினார்.