பிரித்தும் பொருத்தியும் கற்றவர்

ஒரு பொருளைக் கண்ணால் காண்பது வேறு. அதன் உள்ளமைப்பை மனக்கண்ணால் காண்பது வேறு. மூடிய எந்திரத்தினுள் எந்தப் பல்சக்கரம் எதனோடு பொருந்துகிறது, ஒன்று சுழன்றால் மற்றொன்று எப்பக்கம் சுழலும் என்பவற்றை எண்ணத்திலேயே திருப்பிப் பார்க்கும் ஆற்றல், பொறியியலுக்கு அடித்தளமாகும். முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் என வரைதாளில் உள்ள மூன்று படங்களிலிருந்து ஒரு பொருளின் முழுவடிவத்தை உணர்வதும் இவ்வாற்றலே. இதனை வகுப்பறையில் பயிலாமல் தம் கைகளின் வழியே பெற்று, இளைஞர்க்கும் வழங்க முற்பட்டவர் ஜி.டி. நாயுடு.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில், 1893ஆம் ஆண்டு மார்ச்சு 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தந்தையார் பெயர் கோபாலசாமி. பள்ளிப் படிப்பில் மனம் பற்றாமையால், அவருடைய கல்வி தொடக்க வகுப்புகளோடு நின்றது. எனினும், அறியும் வேட்கை நிற்கவில்லை.

ஒரு நாள், ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடிய அவ்வண்டி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனை வாங்கும் நோக்கத்துடன் கோவைக்குச் சென்று, உணவு விடுதியொன்றில் பணியாளராகச் சேர்ந்தார். ஊதியத்தைச் சிறுகச் சிறுகச் சேமித்து, முந்நூறு ரூபாய்க்கு அவ்வண்டியை வாங்கினார். வாங்கியவர் ஊர்சுற்றி மகிழவில்லை. வண்டியை முழுவதுமாகப் பிரித்து, மீண்டும் பொருத்தினார். பிரிக்கும்போது ஒவ்வோர் உறுப்பின் இடத்தையும் நினைவிற்கொண்டாலன்றிப் பொருத்துதல் இயலாது. பாடநூலும் ஆசிரியரும் இன்றி நிகழ்ந்த அப்பயிற்சியே அவரை எந்திரப் பழுதுநீக்குநராக உயர்த்தியது.

1920ஆம் ஆண்டு, ஒரேயொரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கினார். அம்முயற்சி நாளடைவில் யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

கொங்குநாட்டுக் கிணறுகள் ஆழமானவை. கவலை பூட்டி, மாடுகளைக் கொண்டு நீரிறைத்த காலம் அது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், ஆலைகளும் வேளாண்மையும் மின்னாற்றலைப் பயன்படுத்தும் வாய்ப்புப் பிறந்தது. அதற்கு மின்மோட்டார்கள் தேவைப்பட்டன. 1937இல், டி. பாலசுந்தரத்துடன் இணைந்து உள்நாட்டிலேயே மின்மோட்டாரை உருவாக்கினார். அசையாப் பகுதிக்கும் சுழலும் பகுதிக்கும் இடையே மயிரிழை போன்ற இடைவெளி மட்டுமே இருத்தல் வேண்டும். உராய்ந்தால் மோட்டார் பழுதாகும், விலகினால் ஆற்றல் குன்றும். கண்ணின் கணிப்பும் கையின் நுட்பமும் ஒன்றுகூடிய இவ்வினை, பின்னாளில் கோவை மோட்டார்த் தொழிலுக்குப் பெயர்பெறுவதற்கு முன்னோடியாயிற்று.

மின்கலத்தால் இயங்கும் சவரக்கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப்பதிவு எந்திரம் எனப் பலவற்றை அவர் உருவாக்கினார். எல்லா முயற்சியும் கனியவில்லை. 1952இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் செல்லத்தக்க சிற்றுந்தை வடிவமைத்தார். அதனை உற்பத்தி செய்ய அரசின் உரிமம் கிட்டவில்லை.

பொருளினும் பெரிதாக அவர் கருதியது இளைஞர் கல்வியே. 1945இல், அந்நாளைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரால் கோவையில் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் அமைய அவரே பெருந்துணை புரிந்தார்; அதன் முதல்வராகவும் பொறுப்பேற்றார். நான்காண்டுப் பொறியியல் படிப்பு மிகையான காலம், பட்டறையில் கைப்பழக்கத்தோடு கற்பித்தால் ஈராண்டே போதும் என்பது அவர் கொள்கை. அரசு அதனை ஏற்கவில்லை. கணிதமும் அறிவியல் கோட்பாடும் ஆழ்ந்து பயில நீண்ட காலம் வேண்டும் என்பாரின் கருத்தும் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும், தம் கொள்கையை விட்டுக்கொடுக்க மனமின்றி, தாம் உருவாக்கத் துணைநின்ற நிறுவனத்தின் பொறுப்பிலிருந்தே விலகினார். அந்நிறுவனம் இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது.

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். அவிநாசிச் சாலையிலுள்ள காட்சியகத்தில் அவருடைய படைப்புகளை இன்றும் காணலாம். அவர் எழுப்பிய வினாவும் விடைபெறாமல் நிற்கிறது. திரையில் சுழலும் முப்பரிமாணப் படத்தைக் காணும் இன்றைய மாணவர், அப்பொருளைக் கையிலெடுத்துப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பைப் பெறுகின்றனரா? பழுதான மிதிவண்டி ஒன்றைப் பிரித்து, ஒரு திருகாணியும் மிஞ்சாமல் பொருத்திப் பார்க்கும் மாணவர், அவ்வினாவிற்கு விடைகாணத் தொடங்கிவிட்டவராவார்.