கைவிளக்கேந்திய காரிகையும் ஒரு சாக்கடைக் கணக்கும்



2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஆளுங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது. அடியில் இருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போக, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. உள்ளே சுமார் 800 பயணிகள். டிவியில எல்லாம் அதைத்தான் காட்டினாங்க.

தண்ணி வடிஞ்சதும் கேமராவும் கிளம்பிருச்சு. ஆனா ஒரு ஊருக்கு நிஜமான ஆபத்து அதுக்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். சாக்கடையும் குடிநீரும் ஒண்ணா கலந்து கிடக்கும். வாந்திபேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை, எலிக்காய்ச்சல் எல்லாம் வரிசை கட்டி நிக்கும். அப்போ தொட்டி தொட்டியா பிளீச்சிங் பவுடர் கலக்கணும். ஒரு மணி நேரம் கழிச்சும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கான்னு பார்க்கணும். வீடு வீடா போய் யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு வயித்தால போகுதுன்னு கேட்டு நோட்டில் எழுதணும். இந்த வேலைக்குப் பேர்தான் சமுதாய நலச் செவிலியம். நோய் வந்தவங்கள வச்சு செய்தி போடலாம். வராமலே தப்பிச்சவங்கள வச்சு யார் செய்தி போடுவா?

இந்த வேலையின் வேரைத் தேடிப்போனால் நமக்கெல்லாம் தெரிஞ்ச ஒரு பெயரில் போய் நிற்கும்: ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். பள்ளிக்கூடப் பாடத்தில் கைவிளக்கேந்திய காரிகைன்னு படிச்சிருப்பீங்க. அந்தக் கதை பொய்யில்லை. ஆனா அது பாதிக் கதை. நம்மளை மாதிரி என்ஜினீயரிங் படிக்கிறவங்களுக்குப் பிடிக்கப்போறது மீதிப் பாதிதான்.

1820 மே 12ஆம் தேதி இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் பிறந்ததால் அந்த ஊர்ப் பெயரையே வைத்துவிட்டார்கள். வசதியான ஆங்கிலக் குடும்பம். அப்பாவே வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தார். கணக்கு என்றால் அவருக்கு உயிர். நர்ஸாகப் போகிறேன் என்றபோது வீட்டில் பெரிய சண்டை. அன்றைக்கு அந்த வேலைக்கு மரியாதை கிடையாது. வருஷக்கணக்கில் பிடிவாதம் பிடித்து, 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி எடுத்தார்.

1854இல் கிரிமியப் போர். 38 செவிலியர்களோடு துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய் இறங்கினார். பாய், துணி, சாப்பாடு, சோப்பு என்று எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார். ராத்திரி விளக்கோடு ரோந்து போனதும் உண்மை. ஆனால் 1855 பிப்ரவரியில் அங்கே சேர்க்கப்பட்டவர்களில் 100க்கு 42 பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். அன்பாகக் கவனித்தும் சாவு நிற்கவில்லை.

மார்ச் மாதம் லண்டனில் இருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. அதில் சதர்லாண்ட் என்ற டாக்டர் இருந்தார். ராபர்ட் ராலின்சன் என்ற சிவில் என்ஜினீயரும் இருந்தார். (கவனிங்க மக்கா, சிவில் என்ஜினீயர்!) கட்டடத்துக்கு அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடையை அவர்கள் கழுவிவிட்டார்கள். குப்பையை வண்டி வண்டியாக அள்ளினார்கள். தண்ணீர் வரும் கால்வாயில் செத்துக் கிடந்த குதிரையை எடுத்துப் போட்டார்கள். சுவரில் காற்று வர வழி செய்தார்கள். ஜூன் மாதம் சாவு 100க்கு 2 ஆக இறங்கியது.

ஊருக்குத் திரும்பிய பிறகு, வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் நிபுணரோடு உட்கார்ந்து அந்த மரணக் கணக்கு முழுவதையும் பிரித்துப் பார்த்தார். போர்க்காயத்தால் செத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் செத்தவர்கள்தான் மலைபோலக் குவிந்திருந்தார்கள். இதை மந்திரிகளுக்கு எப்படிப் புரியவைப்பது? அட்டவணை கொடுத்தால் படிக்க மாட்டார்கள். வட்டத்தைப் பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு ஆப்பு வரைந்தார். நீலம் தடுக்கக்கூடிய நோய், சிவப்பு காயம், கறுப்பு மற்றவை. எண்ணிக்கையைக் காட்டுவது ஆப்பின் பரப்பு. அதனால் ஆரம் அந்த எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்றபடி போகும். நம்ம ஆளுங்க பலபேர் ப்ராஜெக்ட் பிபிடியில் இன்னைக்கும் கோட்டை விடுற இடம் அது! 1858இல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

இங்கேதான் கதை நம்ம பக்கம் திரும்புது. கிரிமியாவில் பிடித்த நோய் அவரை 1857லிருந்து பெரும்பாலும் படுக்கையிலேயே போட்டுவிட்டது. அந்தக் கட்டிலில் இருந்துகொண்டே அடுத்த நாற்பது வருஷத்துக்குக் கிட்ட அவர் பார்த்த பெரிய வேலை இந்தியா. 1859இல் இந்திய ராணுவத்தின் சுகாதாரத்தை ஆராய ஓர் அரச ஆணையம் அமைந்தது. மெட்ராஸ் மாகாணத்து முகாம்கள் உட்பட எல்லா முகாம்களுக்கும் அவர் கேள்விப் பட்டியல் போனது. தண்ணீர் எங்கிருந்து வருது, எதில் இறைக்கிறாங்க, கழிவு எங்கே போகுது, பக்கத்துக் கடைத்தெரு எப்படி இருக்கு? பதில்கள் கட்டுக் கட்டாக வந்து குவிந்தன. ஆயிரம் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வருஷத்துக்கு 69 பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். சண்டையில் போனவர்கள் அதில் சொற்பம். 1863இல் வந்த ஆணைய அறிக்கை இரண்டு பெரிய தொகுதி. அதைத் தொடர்ந்து மாகாணங்களில் சுகாதாரக் குழுக்கள் அமைந்தன. அந்த 69 என்ற எண் 18 ஆகக் குறைந்ததாகப் பத்து வருஷம் கழித்து அவரே எழுதினார்.

சிப்பாயை மட்டும் காப்பாற்ற முடியாது என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. முகாமுக்குப் பக்கத்து ஊரில் காலரா இருந்தால் முகாமுக்கும் வரும். அதனால் அவர் கவனம் ஊருக்கும் கிராமத்துக்கும் போனது. 1866இல் மெட்ராஸ் கவர்னராக வந்த நேப்பியர் பிரபுவோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாட்டு மக்கள் லட்சக்கணக்கில் செத்தபோது, லண்டன் பத்திரிகையில் கோபத்தோடு எழுதினார். கால்வாய் வெட்டுங்கள் என்று கத்திக்கொண்டிருந்த என்ஜினீயர் ஆர்தர் காட்டனின் பக்கம் நின்றார். பாசனத்தோடு வடிகாலும் சேர்ந்தே வரணும், இல்லாட்டி காய்ச்சல் வரும் என்றும் சொன்னார். நம்ம தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம் அணையும், வடகால் தென்கால் பாசனமும் இதே காலத்து வேலைதான். ஒரு நர்ஸுக்கும் அணைக்கட்டுக்கும் என்ன சம்பந்தம்னு அவரைக் கேட்டிருந்தா சிரிச்சிருப்பார்னு நினைக்கிறேன். பசியும் அழுக்குத் தண்ணியும் அவர் கணக்கில் ஒரே பத்தியில்தான் வரும்.

அவரைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. கிருமியால் நோய் தொற்றுகிறது என்பதை அவர் ரொம்ப காலம் நம்பவில்லை. கெட்ட காற்றுதான் காரணம் என்று பிடிவாதமாக இருந்தார். காரணம் தப்பு, ஆனால் அவர் சொன்ன மருந்து சரி: சுத்தமான தண்ணீர், வடிகால், வெளிச்சம், காற்று. பிரிட்டிஷ் ஆட்சி திருந்தினால் போதும், எல்லாம் சரியாகும் என்று ரொம்ப நாள் நம்பியதும் எனக்கு உடன்பாடில்லை. ஆசைப்பட்டும் இந்தியாவுக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை.

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் செவிலியர் பள்ளி தொடங்கியது. அதே சமயம், லிவர்பூல் நகரத்தில் வில்லியம் ராத்போன் என்பவர் ஏழைகளின் வீட்டுக்கே நர்ஸை அனுப்ப விரும்பி அவரிடம் யோசனை கேட்டார். அந்த வீட்டு நர்ஸ் நோயாளியோடு சேர்த்து அந்த அறையையும் பார்க்கணும் என்பது நைட்டிங்கேலின் கட்சி. ஜன்னல் திறக்குதா, குப்பை எங்கே கொட்டுறாங்க, தண்ணிப் பானை மூடியிருக்கா என்பதெல்லாம் மருந்துக்குச் சமம்.

1892இல், 72 வயதில், இன்னும் ஒரு படி போனார். பக்கிங்ஹாம்ஷயர் கிராமங்களுக்கு நலப் பணிப்பெண்களைத் தயார் பண்ணச் செய்தார். நோய் வந்த பிறகு பார்ப்பது ஒரு கலை, வராமல் பார்ப்பது வேறொரு கலை, அதற்குத் தனிப் பயிற்சி வேணும் என்றார். மேடை போட்டுப் பேசினால் யாரும் மாற மாட்டார்கள். அடுப்படி வரை போய், அம்மாக்களோடு சிநேகிதியாகப் பழகி, செய்து காட்டணும். 1896இல் இதே ஏற்பாடு இந்தியக் கிராமங்களுக்கும் வேண்டுமென்று கட்டுரை எழுதினார்.

இன்றைக்கு நம்ம ஊர் துணை சுகாதார நிலையத்து நர்ஸக்காவைப் பாருங்க. சமவெளியில் சுமார் 5000 பேருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர். எந்தத் தெருவில் எத்தனை கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எப்போ என்பது அவர் பதிவேட்டில் இருக்கும். மாமியார் ஊசி வேண்டாம்னு முறைச்சா, திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடிச்சுக்கிட்டே சம்மதிக்க வைக்கவும் அவருக்குத் தெரியும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருது.

கடைசி வருஷங்களில் நைட்டிங்கேலுக்குக் கண் பார்வை போய்விட்டது. 1907இல் பிரிட்டனின் ஆர்டர் ஆஃப் மெரிட் விருதைப் பெற்ற முதல் பெண் ஆனார். அதற்குள் ஞாபகமும் மங்கியிருந்தது. 1910 ஆகஸ்ட் 13ஆம் தேதி, 90 வயதில், தூக்கத்திலேயே இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தும் குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். ஈஸ்ட் வெல்லோ என்ற கிராமத்தில் இருக்கும் குடும்பக் கல்லறையில் அவருக்கென்று பொறித்தது எஃப்.என். என்ற இரண்டெழுத்தும், பிறந்த தேதியும், இறந்த தேதியும் மட்டும்தான்.